ஏழாம் நம்பர் மெஷினுக்கு யார் வைத்தியம் சொன்னது?

பிறர் தலைக்குள் இருப்பதைக் கேட்டு வாங்கிக் கணினிக்குள் போடும் வேலையைப்போல நன்றிகெட்ட வேலை வேறில்லை. ஆபீசுக்குப் புதுக் கணினி வந்த அன்றைக்கே, “உனக்குத்தான் டைப்பிங் தெரியும், நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லப்பட்டு அதைத் தலையில் கட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காகத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கணினிச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலை. பழுது பார்க்கும் பிரிவில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. அதற்கு முன் மூன்று வருடம் உற்பத்தி லைனில் மைக்ரோஸ்கோப்புக்குள் குனிந்தே கிடந்தவள். மேனேஜர் மிஸ்டர் ஊய் கூப்பிட்டுச் சொன்னார்: டெக்னீஷியன்களுக்குத் தெரிந்த பழுதுகளையும் அவற்றுக்கான வைத்தியத்தையும் கணினியில் ஏற்று, ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியட்டும். ஆறு மாதத்துக்குள் யாரும் அதைத் தொடவில்லையென்றால் கணினி ஸ்டோருக்குப் போகும், நான் லைனுக்குத் திரும்ப வேண்டும்.

எல்லாம் ஓகே

என்ன பழுது, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பன்னிரண்டு கேள்விகள் போட்டு ஒரு பாரம், படிவம்தான், அடித்தேன். அழகாகக் கோடு போட்டு, பிரதி எடுத்து, ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்தேன். முதல் மாதக் கடைசியில் எல்லாம் திரும்பி வந்தன. தேதி இருந்தது, மெஷின் நம்பர் இருந்தது. மற்ற எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில்: ஓகே.

டெக்னீஷியன்களில் கெட்டிக்காரர் சந்திரன் அண்ணன். அவர் கை வைத்தால் ஓடாத மெஷினும் ஓடும். அவராவது நாலு வரி எழுதக்கூடாதா என்று பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடி சொன்னார்: “மெஷினு ஓடுது தங்கச்சி. ஓடுற மெஷினப் பத்தி என்னா எழுதுறது?”

பட்டன் போட்ட பை

எழுதத் தெரியாமல் இல்லை. அண்ணன் சட்டைப் பையில் கையகலப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்த மெஷினுக்கு எந்த ஸ்குரூவை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தார். எழுதி முடித்ததும் பைக்குள் வைத்துப் பட்டன் போட்டுவிடுவார். கண்டீனில் ரொட்டி சானாய் சாப்பிடும்போதும் பட்டன் கழன்றதில்லை.

ஒருநாள் வெட்கத்தை விட்டு அந்தப் புத்தகத்தைக் கேட்டேவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. அவர் சொன்னதைக் கேட்டபின் எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் வேலையைக் காப்பாற்ற இன்னொருவர் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேனா என்று அன்று பேக்டரி பஸ்ஸில் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாம் போய்ச் சேரும்வரை மனசு அடித்துக்கொண்டது. அவர் சொன்னது: “பழைய பேக்டரியில எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டே மாசத்துல ‘தேங்க் யூ, போயிட்டு வா’ன்னு லெட்டர் நீட்டிட்டானுங்க. எனக்கு மூணு புள்ளைங்க லா, தங்கச்சி.”

பண்டிகை கொண்டாடிய மெஷின்

நாலாம் மாதம், வேறு வேலையில்லாமல், வந்த ‘ஓகே’ பாரங்களோடு பழைய பழுதுப் பதிவேட்டையும் சேர்த்துக் கணினியில் ஏற்றித் தேதிவாரியாக அடுக்கினேன். ஏழாம் நம்பர் மெஷின், சில்லில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி ஒட்டுவது, தீபாவளிக்கு நின்றிருந்தது. தைப்பூசத்துக்கு நின்றிருந்தது. போன வருடமும் அப்படியே. டெக்னீஷியன்கள் சிரித்தார்கள். அதற்குச் சாமி வரும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியுமாம். தூசியே ஆகாத அந்த அறையில், சந்திரன் அண்ணன் பிளாஸ்டிக்கில் சுற்றிய திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை மெஷினுக்குப் பின்னால் ஒட்டியும் வைத்திருந்தார்!

ஆனால் பண்டிகையே இல்லாத ஒரு வாரத்திலும் அது நின்றிருந்தது. லீவுப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது, அந்த மெஷினில் வேலை செய்யும் கமலா அக்கா மகள் கல்யாணத்துக்கு லீவு போட்ட வாரம். மற்றத் தேதிகளிலும் அக்கா லீவுதான். ஓடிப்போய் அக்காவைக் கேட்டேன். ஏர்கோன் குளிர்காற்று நேராக அடித்தால் கம்பி ஆடி அறுந்துபோகும் என்பதால், காலித் தட்டு ஒன்றை மறைப்பாக நிறுத்தி வைப்பாராம். அவர் இல்லாத நாளில் மாற்று ஆள் ‘இது எதற்கு’ என்று தட்டை எடுத்து அடுக்கிவிடுவார். டெக்னீஷியன்கள் மெஷினைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்களே தவிர, காற்றைப் பார்க்கவில்லை. நானும் டெக்னீஷியன்களுக்கு மட்டும்தானே பாரம் கொடுத்தேன்! அக்கா சொன்னார்: “பதினோரு வருசமா இங்க ஒக்காந்திருக்கேன். ‘கை வேகமா ஓடட்டும்’னுதான் சொல்லுவாங்க. என்னா தெரியும்னு இன்னிக்கித்தான் நீ ஒருத்தி கேக்குற.”

பெயர் இல்லாமல் எழுது

அறிவு கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே யார் பெயரும் கணினியில் கூடாது என்பது மிஸ்டர் ஊய் உத்தரவு. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அக்கா சொன்னதை ஏற்றி, தலைப்புக்குக் கீழேயே ‘சொன்னவர்: கமலா’ என்று பெரிய எழுத்தில் போட்டேன். அச்சடித்து அறிவிப்புப் பலகையிலும் குத்தினேன்.

அடுத்த வாரம் ஒவ்வொருவராக என் மேசைப் பக்கம் வந்தார்கள். கடைசியாகச் சந்திரன் அண்ணன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையின் பட்டனைக் கழற்றினார். “எம் பேரு கண்டிப்பா வரணும். நாளைக்கி எவனாச்சும் லெட்டர் நீட்டுனா, இந்தா பாருன்னு காட்டணும்.”

ஆறாம் மாதம்

கணினியைத் தள்ளிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மிஸ்டர் ஊய் வந்தது வேறு கேள்வியோடு. புது லைன் வருகிறது, அதை நடத்த யாருக்கு எவ்வளவு தெரியும்? ‘சொன்னவர்’ பெயர்வாரியாக ஒரு பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். மனிதர் பெயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்து எண்ணத் தொடங்கினார். பட்டியலில் பாதிக்கு மேல் சந்திரன், சந்திரன் என்றே இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். லெட்டர்தான் என்று நினைத்து அண்ணன் வெளிறிப்போய் வந்து நின்றார். புது லைனுக்கு நீதான் தலைமை டெக்னீஷியன் என்று மிஸ்டர் ஊய் கை கொடுத்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அண்ணன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்: “தங்கச்சி, கமலா அக்காவையும் புது லைனுக்குக் கேளு, மேனேஜர்கிட்ட நீயே சொல்லு. அவங்களுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறல லா.”

நான் லைனுக்குத் திரும்பவில்லை. ஆனால் அதன்பிறகு எல்லாரும் பழுதே வராத மெஷினுக்கும் பத்து வைத்தியம் எழுதிக்கொண்டு வந்து, பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.