வாசல் பக்கம் ஒரு தையல் மெஷின்

வேலை வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், வேலையே இல்லாமல் இருப்பதில் எவ்வளவு நிம்மதி என்று. தொண்டு நிறுவனங்களில் மாட்டிக்கொண்டு, திட்ட அறிக்கைக்கும் டீக்கடைக்கும் நடுவே காலம் தள்ளும் அன்பர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. திருத்தங்கலில் முன்பு காலண்டர் குடோனாக இருந்த ஒரு கட்டடம். பட்டாசு வேலையை விட்டு வெளியே வர நினைக்கும் பெண்களுக்கு அங்கே தையல் மெஷின் ஓட்டவும், கடையில் பில் போடவும் கற்றுக்கொடுத்து, வேறு வேலையில் சேர்த்துவிடுகிறோம். அதாவது, சேர்த்துவிடுவதாக எழுதி வைத்திருக்கிறோம். அந்த மையத்தின் நிர்வாகம் முழுக்க என் தலையில்.

என் விசிட்டிங் கார்டில் பெரிய பதவி போட்டிருக்கிறது. கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நாட்டில் வேலை வாய்ப்பு வரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கு முன் ஒரு பிரஸ்ஸில் டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர் பண்டல்கள் எதிர்த்துப் பேசாது. அது தெரியாமல் சேவை செய்ய வந்துவிட்டேன்.

ஏர் கூலர் வந்த கதை

பட்டாசு வேலை வெயிலை நம்பியது. வெயில் அடித்தால்தான் வெடிமருந்து காயும். விடிந்ததும் கம்பெனி வண்டி ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். மழை வந்தால் பெரும்பாலும் வேலை கிடையாது. எங்கள் பயிற்சி இலவசம்தான், ஆனால் பயிற்சிக் காலத்தில் வீட்டில் உலை வைப்பது யார்? ஆகவே வெயில் நாளில் எங்கள் வகுப்பில் ஈ ஓட்டுவோம். வானம் மூட்டம் போட்டால் உட்கார நாற்காலி இருக்காது.

சென்னையில் இருக்கும் எங்கள் இயக்குநர் படித்தவர். வருகைக் கணக்கையும் வானிலையையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வெயில் தாங்காமல்தான் பெண்கள் வகுப்புக்கு வருவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். நான் போனில் எவ்வளவோ சொன்னேன். "நீங்க பாசிட்டிவா யோசிக்கணும்" என்றார். லாரியில் ஏர் கூலர்கள் வந்து இறங்கின. இறங்கிய அன்று நல்ல மழை, வகுப்பு நிறைந்து வழிகிறது. கூலர்கள் ஓடுகிற மாதிரி உடனே படம் அனுப்பச் சொல்லி உத்தரவு. எல்லாவற்றையும் ஓடவிட்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தனை பேரும் நடுங்கியபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பல் தந்தியடிக்கச் சொன்னார்: "படம் எடுத்துட்டீகன்னா அமத்திருங்க மேடம், குளிருது. நாளைக்கு வெயில் அடிச்சா நாங்க ஒருத்தரும் வரமாட்டோம், அப்பப் போட்டுக்கிடுங்க."

போன் வைத்துக்கொள்ளலாமா?

சேரும்போது ஒவ்வொருவரிடமும் "ஏன் இந்தப் பயிற்சிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். 'சொந்தக் காலில் நிற்க', 'சமூகத்தில் மதிப்போடு வாழ' என்றெல்லாம் பதில் வந்தால் சென்னையில் சந்தோஷப்படுவார்கள். ஆமத்தூரிலிருந்து வந்த பாண்டிச்செல்வி அப்படியெல்லாம் சொல்லவில்லை. பட்டாசுக்குத் திரி செருகும் வேலையில் பல வருடம் இருந்தவர். "போன் கையில வச்சிக்கிடலாம்னு சொல்ற வேலையா இருந்தா நல்லது மேடம்" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ரீல்ஸ் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது நியாயமான விதிதான். ஆனால் வீட்டில் எட்டாவது படிக்கிற மகள் ஒருத்தி. எங்கேயாவது 'டம்' என்று சத்தம் கேட்டால் போதும், எந்த ஊர் எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அவள் அம்மாவுக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவாள். போன் கேட்டில் பைக்குள் அடித்துக்கொண்டே கிடக்கும். சாயங்காலம் வண்டியிலிருந்து அம்மா இறங்குவதைக் கண்ணால் பார்க்கும் வரை அந்தப் பெண் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். தீபாவளி சீசன் சூடு பிடிப்பதற்குள் வேறு வேலை வேண்டும் என்பதுதான் பாண்டிச்செல்வியின் ஒரே கோரிக்கை. சம்பளம் குறையுமே என்று நான் இழுத்தேன். "கொறைஞ்சா கொறைஞ்சிட்டுப் போகுது மேடம். அவ கூப்பிட்டா நான் எடுக்கணும், அம்புட்டுதான்."

ஐந்து வருடம் கழித்து

வேலை தெரிந்தால் மட்டும் போதாது, தன்னம்பிக்கை வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். திருத்தங்கல் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்து இறங்கியபோதே அவருடைய தன்னம்பிக்கை எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று தினமும் சிரிக்க வேண்டும் என்றார். சேரை இழுத்துப் போட்டுத் தோரணையாக உட்கார வேண்டும் என்றார். எங்கள் பெண்கள் எதையும் தரையில் இழுப்பதில்லை. மருந்து இருக்கிற இடத்தில் ஒரு டப்பாவைக்கூட உரசி நகர்த்தக் கூடாது என்று பழகிய கை. பிளாஸ்டிக் சேரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிச் சத்தமில்லாமல் வைத்து, நுனியில் உட்கார்ந்தார்கள். அவருக்கு அது தாழ்வு மனப்பான்மையாகத் தெரிந்தது. அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்.

கடைசியில், எல்லாக் கம்பெனியிலும் ஒரு கேள்வி கேட்பார்கள், அதற்கு யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று பாண்டிச்செல்வியை எழுப்பினார். "இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?" பாண்டிச்செல்வி யோசிக்கவே இல்லை. "உசுரோட இருந்தா ஆமத்தூர்லதான் சார்."

ஓட்டம்

விருதுநகர் போகிற வழியில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு எங்கள் ஆட்களை இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனேன். ஆள் எடுக்கிற அதிகாரி சந்திரன், டை கட்டியவர், பளபளவென்று ஷூ போட்டவர். எங்கள் ஆட்களின் தையலைப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் எடுத்துக்கலாம் போலிருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனதுக்குள் அறிக்கையே எழுத ஆரம்பித்துவிட்டேன். வரிசையாகக் கேள்வி கேட்டு, பாண்டிச்செல்வி முறை வந்தது. அப்போது பக்கத்து அறையில் கம்ப்ரஸர் குழாய் ஒன்று கழன்று, 'டப்' என்று ஒரு சத்தம்.

நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஹாலில் ஒரு ஆள் இல்லை. பட்டாசு அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பார்கள். சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, பக்கத்து வாசலில் பாய்ந்து வெளியே ஓட வேண்டும். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். பாண்டிச்செல்வி நல்ல மனசுக்காரர், தான் மட்டும் பிழைத்தால் போதும் என்று நினைக்கிறவர் இல்லை. எதிரில் இருந்த சந்திரனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாக ஏதாவது நடந்திருந்தால் என் பதவிக்கு விளம்பரம் கொடுத்திருப்பார்கள். வெளியே போய்ப் பார்த்தால், வேப்பமரத்தடியில் சந்திரன் நிற்கிறார். ஒரு காலில் ஷூ இல்லை, டை முதுகுப் பக்கம் தொங்குகிறது. மூச்சு வந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், இருபது வருஷமா இன்டர்வியூ எடுக்கிறேன். வேலை கேட்டு வந்தவங்க என்னையும் இழுத்துக்கிட்டு ஓடுனது இதான் மொதத் தடவை."

உட்காரப் பயிற்சி

மறுநாள் மெயில் வந்தது. ஒருவரையும் எடுக்கவில்லை. நாள் முழுக்க ஏதாவது சத்தம் கேட்கிற இடம், ஒவ்வொரு தடவையும் ஆட்கள் எழுந்து ஓடினால் ஆர்டர் எப்படி முடியும் என்று கேட்டிருந்தார்கள். இயக்குநர் அசரவில்லை. பிரச்சினை என்று ஒன்று வந்துவிட்டால் அவர் உடனே ஒரு பாடத்திட்டம் போட்டுவிடுவார். இந்தத் திட்டத்தின் பெயர் 'சத்தத்துக்கு அஞ்சாமை'. பெண்கள் தைத்துக்கொண்டிருக்கும்போது நான் பின்னால் நின்று காகிதப் பையை ஊதி உடைக்க வேண்டும். இரண்டு பட்டம் வாங்கியவள் நான், குடோனில் பை ஊதிக்கொண்டிருந்தேன். முதல் நாள் எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். அவர்களைப் பார்த்து எதிர் டீக்கடைக்காரரும் பாய்லரை விட்டுவிட்டு ஓடினார்.

போகப் போகப் பழகிவிட்டார்கள். மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். பாண்டிச்செல்விக்குக் கண்கூட மூடவில்லை. பை உடைந்தது, தையல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. நான் கைதட்டினேன். 'அபார முன்னேற்றம்' என்று சென்னைக்கு எழுதினேன். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் நின்றார். முகம் சரியில்லை. "இப்ப ஒடம்பு எந்திரிக்க மாட்டேங்குது மேடம். வேலை கெடைக்கலைன்னா சீசனுக்குக் கம்பெனிக்குத்தான போவேன்? அங்கன சத்தம் கேட்டு, இதே மாதிரி உக்காந்துட்டேன்னா?"

பேரம்

மிச்சமிருந்த பைகளை டீக்கடைக்காரருக்கு வடை மடிக்கக் கொடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அடுத்த நாள் வகுப்பில் கதவை அறைந்து சாத்தி, "ஓடுங்க! யார் உக்காரச் சொன்னாலும் ஓடுங்க!" என்று கத்தினேன். பாண்டிச்செல்வி எல்லோருக்கும் முன்னால் தெருவில் போய் நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இயக்குநருக்கு இந்த முன்னேற்றத்தை எழுதவில்லை.

நேரே சந்திரனைப் போய்ப் பார்த்தேன். இவர்களை ஓட வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஓடுகிற தூரத்தை வேண்டுமானால் குறைக்கலாம் என்றேன். மெஷினை வாசல் பக்கம் போட்டால், போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நடுவில் யாரையும் இடித்துத் தள்ள மாட்டார்கள். அப்படியே போன் விஷயத்தையும் மகள் கதையையும் சொன்னேன். போனை லாக்கரில் வைப்பதுதான் கம்பெனி விதி என்றார். நான் அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு தடவை குனிந்து ஷூவைப் பார்த்துவிட்டு, அன்று நடந்ததை வீட்டில் சிரிப்பாகச் சொன்னதாகவும், 'உங்களைக் காப்பாற்ற நினைத்த பெண்ணுக்கா வேலை இல்லை என்றீர்கள்?' என்று மனைவி கேட்டதாகவும், அன்றிலிருந்து வீட்டில் காபி ஒரு மாதிரி இருப்பதாகவும் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார்: "வாசல் பக்கம் மெஷின், மடியில போன், சத்தம் கேட்டா ஓட்டம். இது கம்பெனியா கல்யாண மண்டபமா மேடம்? சரி, திங்கக்கெழமை வரச் சொல்லுங்க."

லைன் பிஸி

அந்தக் கம்பெனியில் எத்தனை வாசல் இருந்ததோ அத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்களை வழக்கம்போலச் சீசன் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. கம்பெனிக் கட்டடத்துக்கு இன்னும் நாலு வாசல் வைக்கச் சொல்லி இயக்குநர் மூலம் கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அவர் அதற்கும் ஒரு பாடத்திட்டம் போட்டுவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

சீசன் மும்முரத்தில் ஒரு மத்தியானம், மழை மூட்டம், வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புதிதாகச் சேர்ந்திருந்தவர்கள் ஒரே பாய்ச்சலில் தெருவுக்குப் போய், அங்கிருந்தே போனை எடுத்து அக்காவுக்கும் புருஷனுக்கும் போட ஆரம்பித்தார்கள். அந்த அக்காக்களும் புருஷன்களும், சீசன் என்பதால் மூட்டத்திலும் கூரைக்குள் வேலை நடக்கிற பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். எந்தப் போனையும் யாரும் எடுக்கவில்லை. எல்லாம் ஏதோ ஒரு கேட்டில் ஏதோ ஒரு பைக்குள் அடித்துக்கொண்டிருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பாண்டிச்செல்விக்குப் போட்டேன். அவர் அங்கே பத்திரமாக இருப்பார் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் போட்டேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன். பிஸி.

பிறகுதான் தெரிந்தது, கல்குவாரியில் பாறைக்கு வைத்த வெடியாம். யாருக்கும் ஒன்றுமில்லை. தெருவில் நின்றவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் குவாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். அப்போது பாண்டிச்செல்வியே கூப்பிட்டார். குரலில் மூச்சு வாங்கியது. "எம் மக போட்டுருந்தா மேடம். வாசல்ல ஓடிப் போயி நின்னுக்கிட்டு எடுத்துட்டேன். 'சாப்பிட்டியாடி'ன்னு கேட்டேன். வேற என்ன கேக்கன்னு தெரியல."

ஆக, ஒரு குடோன், சில ஏர் கூலர்கள், கோட்டு போட்ட ஒருவர், ஊதி உடைத்த காகிதப் பைகள் எல்லாம் சேர்ந்து நாங்கள் சாதித்தது ஒரு அம்மா ஒரு போனை எடுத்ததுதான், இதைச் சென்னைக்கு எப்படிப் படம் எடுத்து அனுப்புவது என்று தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கூலர் ஒன்றை இனாமாகத் தருகிறேன்.