கிராஜினா வீட்டின் நான்காவது தட்டு

உக்ரைனின் சுமி நகரத்தில் இருபத்திரண்டு வருடம் டிராலி பஸ் ஓட்டிய ரயீசாவுக்கு, போலந்தின் லூப்ளினில் வண்டி ஓட்டுவது பெரிய வித்தையாக இல்லை. தலைக்கு மேலே அதே மின்கம்பி, கூரைமேல் கரண்டு வாங்கும் அதே இரண்டு கொம்பு. திருப்பத்தில் அவசரப்பட்டால் கொம்பு கம்பியை விட்டுக் கழன்று வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். முணுமுணுப்பதில் உக்ரைன் பயணிக்கும் போலந்துப் பயணிக்கும் கடுகளவு வித்தியாசம் கிடையாது. இங்கே அவளே இறங்கிப் போய்க் கொம்பில் கட்டிய கயிற்றை இழுத்து மாட்டிவிடுகிறாள். ஆனால் இறங்கும் முன் ஒரு தடவை பின்கண்ணாடியைப் பார்ப்பாள். பழக்க தோஷம்.

சுமியில் அந்தக் கண்ணாடியில்தான் தீமோஃபி வருவான். டெப்போவில் கம்பி பராமரிக்கிறவன். ஏணி வைத்த மஞ்சள் வண்டியில் வந்து கொம்பை மாட்டிவிட்டுப் போவான். மூன்றாவது தடவை கழன்றபோது ஜன்னலோரம் வந்து நின்றான்.

"நீங்க வேணும்னே கழட்டுறீங்கன்னு டெப்போவுல பேசிக்கிறாங்க."

"பேசுறவங்க வாய நான் மூட முடியுமா?" என்றாள் ரயீசா.

டெப்போவில் பேசியது உண்மைதான். அந்த இலையுதிர்காலத்திலேயே கல்யாணம் ஆயிற்று.

போர் வந்த மார்ச் மாதம் அவளை ரயிலேற்றிவிட்டு அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். லூப்ளின் பேருந்து நிலையத்தில் கிராஜினா கையில் சூப் கரண்டியோடு நின்றிருந்தாள். தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவள். ஊரார் எல்லாரும் உதவிக்கு ஓடியபோது கூடவே ஓடியவள். "மூணு நாளைக்கு நம்ம வீட்ல இரு" என்று கூட்டிப் போனாள். மூன்று நாள் இருபத்தொரு மாதமாயிற்று.

இந்த வருடம் மே மாதம் பட்டாளத்திலிருந்து தாள் வந்தது. தீமோஃபியைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. இறந்துவிட்டான் என்று எழுதவில்லை. ரயீசா அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். லூப்ளின் டெப்போவில் ஊர்க்காரி ஒருத்தி, "பாவம், நல்ல மனுஷனா இருந்தாரு" என்று சொன்ன நாளிலிருந்து அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. யாராவது அவனைச் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்பதுதான் ரயீசாவின் ஒரே பயம்.

டிசம்பர் வந்தது. உக்ரைனில் கிறிஸ்துமஸை ஜனவரியிலிருந்து டிசம்பருக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் இந்த வருடம் ஒரே நாள். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை டூட்டியில் இருந்ததால் கிராஜினா வீட்டு விருந்தை அவள் பார்த்ததில்லை. இந்த முறை தன் பங்குக்குக் கூத்யா செய்தாள். வேகவைத்த கோதுமை, அரைத்த கசகசா, தேன், வாதுமை. உலர்திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். தீமோஃபிக்குத் திராட்சை ஆகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவான்.

"நான் திங்க மாட்டேன்னு தெரிஞ்சும் எதுக்குடி போடுற?"

"எனக்கு ரெண்டு பங்கு வேணும்ல?"

இருபது வருடமும் இதே சண்டைதான். இப்போதும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.

சுமியில் அவர்கள் வீட்டில் அன்று மாலை மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். இறந்துபோன தீமோஃபியின் அப்பா அம்மாவுக்கு. அதில் கூத்யா பரிமாறி, பக்கத்தில் கரண்டி மட்டும் வைப்பார்கள். முள்கரண்டியும் கத்தியும் வைப்பதில்லை; இறந்தவர்கள் பக்கத்தில் கூர்மையாக எதுவும் இருக்கக் கூடாது. விடியும்வரை அந்தத் தட்டை யாரும் தொட மாட்டார்கள்.

நான்கு மணிக்கே இருட்டி முதல் நட்சத்திரம் தெரிந்தது; இனி விருந்து தொடங்கலாம். ரயீசா கூத்யாவோடு கூடத்துக்கு வந்தாள். வீட்டில் இருப்பது கிராஜினா, அவள் கணவர் லெஷெக், ரயீசா, மூன்று பேர். மேசையில் நான்கு தட்டு. நான்காவதின் பக்கத்தில் ஒரு கரண்டி மட்டும்.

ரயீசா தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். கிராஜினா பீட்ரூட் சூப்போடு வந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்தாள், தட்டைத் திரும்ப மேசையில் வைத்தாள். ரயீசா மறுபடியும் எடுத்தாள்.

"தட்டுக்குக் கால் முளைச்சிருச்சா?" என்றார் லெஷெக்.

"அவர் சாகல அக்கா." ரயீசா தட்டைக் கையைவிட்டு விடவில்லை. "நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கல."

கிராஜினா சூப்பைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா செத்துட்டாருன்னு?"

"தட்டு சொல்லுது. எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் வைப்போம்."

"அடிப் பாவி மகளே," என்று கிராஜினா அவள் கையைப் பிடித்தாள். "இது வழியில நிக்கிறவங்களுக்கு. இன்னைக்கு யாரு கதவத் தட்டினாலும் இடம் இருக்கணும். முதல்ல சூப்புங்கிறதால கரண்டி மட்டும் வச்சேன். எங்க வீட்ல எங்கம்மா காலத்துலேருந்து வைக்கிறோம்."

"நாப்பது வருஷமா ஒருத்தரும் வந்ததில்ல," என்றார் லெஷெக். "எனக்கும் நம்பிக்கை விட்டுப்போச்சு. அப்புறம் நீ வந்த. என்ன, கொஞ்சம் தாமதமா, மார்ச்சுல வந்த."

ரயீசா உட்கார்ந்து அழுதாள். மே மாதத்திலிருந்து அடக்கி வைத்த அழுகை. அவர்கள் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தட்டை மேசையில் தன் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இழுப்பறையைத் திறந்து ஒரு முள்கரண்டியும் கத்தியும் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தாள்.

கிராஜினா அந்தத் தட்டில் கூத்யா பரிமாறப் போனாள். ரயீசா அவள் கையைத் தடுத்தாள்.

"வேண்டாம் அக்கா. செத்தவங்களுக்குத்தான் நாம போடணும். அவர் வந்து அவரே போட்டுக்குவாரு. திராட்சையப் பொறுக்கணும்ல."