கவுன்சிலராக ஐந்து வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கரமனை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது நாங்கள் ஆறு பேர் ஒரு சின்ன மனித உரிமைக் குழுவாக இருந்தோம். எங்கேயாவது திருட்டு நடந்தால், திருநெல்வேலிப் பக்கமிருந்து மாநில எல்லை தாண்டிக் கட்டட வேலைக்கு வந்தவர்களைத்தான் போலீஸ் முதலில் பிடிக்கும். வழக்கும் போடமாட்டார்கள், விடவும் மாட்டார்கள். நாங்கள் மனுவோடு போய் நிற்போம். நான் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். மனு அடிப்பது என் வேலை. குழுவில் பெண் நான் ஒருத்திதான்.

"நில்லுங்க. ஜெயிச்சா ஸ்டேஷன்ல நம்ம பேச்சு எடுபடும்," என்றார் குழுவை நடத்திய ஆசிரியர்.

குழுவிலிருந்த வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டு கேட்டுட்டா, ஓட்டுப் போட்டவங்களுக்குப் பிடிச்சதைத்தான் பேசணும்."

நான் நின்றேன். கரமனையில் வீடு வீடாகப் போய்ச் சுதந்திரம், சட்டம் என்று ஆரம்பித்தால், ஜனங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடைத்துக் கிடந்த சாக்கடை ஓடையைக் காட்டினார்கள். அக்ரஹாரத்து மாமி ஒருத்தி, "அதெல்லாம் சரி, தெரு விளக்கு எரியறதே இல்லையே. அதுக்கு என்ன பண்ணப்போறே?" என்றாள். நானும் விளக்கைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டேன். கட்சிகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டதில், சுயேச்சையான நான் மயிரிழையில் ஜெயித்தேன்.

முன்பெல்லாம் மணிக்கணக்காக வாசலில் நிறுத்திவைத்த ஸ்டேஷனில் எஸ்.ஐ. நாற்காலி போட்டார். ஒரு கொத்தனாரைப் பிடித்து வைத்திருந்தார்கள். "கேஸ் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பத்து நிமிஷத்தில் கொத்தனார் வெளியே வந்தார், ஒரு காலில் மட்டும் செருப்போடு. டைப்பிஸ்டாகப் போய் இதே கேள்வியைக் கேட்டபோது யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. அன்று சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

இரண்டாம் வருஷம் அந்த மாமியும் தெருக்காரர்களும் ஒரு மனுவோடு வந்தார்கள். ஆற்றங்கரையில் அந்தக் கொத்தனார் போன்றவர்கள் போட்டிருந்த குடிசைகளை அகற்ற வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்றார்கள். உடனே மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "பார்க்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று நாள் கழித்து மாமி வீட்டு வாசலில் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

"அவங்களும் என் வார்டுதான் மாமி."

"அவா யாராவது உனக்கு ஓட்டுப் போட்டாளா?"

"இல்லை."

மாமி மனுவை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் என்னைக் காப்பிக்குக் கூப்பிடவில்லை.

மாமி கேட்டது என்னைவிட்டுப் போகவில்லை. குடிசைக்காரர்கள் யாருக்கும் ரேஷன் கார்டு இல்லை, வாக்காளர் பட்டியலில் பேரும் இல்லை. இங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று என் லெட்டர்பேடில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, ஒவ்வொருவராகக் கார்டு வாங்கினார்கள்.

அடுத்த தேர்தலில் மோசமாகத் தோற்றேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. வக்கீல் அந்தக் கார்டுகளைக் கோர்ட்டில் காட்டி வாதாடினார். மாற்று இடம் கொடுக்காமல் அகற்றக் கூடாது என்று தீர்ப்பானது. இடம் ஊருக்கு வெளியே, தூரமாகத்தான் கிடைத்தது. இரண்டு குடும்பங்கள் அது வேண்டாமென்று சொந்த ஊருக்கே திரும்பிவிட்டன. மற்றவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று நானும் போய்ப் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தேன்.