வெள்ளிக்கிழமைகளில் நின்ற இருமல்

கடல் வந்த அன்று நான் நிறையத் தண்ணீர் குடித்தேன். கறுத்த, மண் கலந்த தண்ணீர். உங்கள் மூத்த ராத்தா, என் முதல் மகள், என் கையிலிருந்துதான் நழுவிப் போனாள். கடற்கரை வீதியில் இருந்த எங்கள் சைக்கிள் கடையும் போனது. நீங்கள் இருவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

வீடிழந்தவர்களுக்குத் தந்த தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனேன். தவிடு விழுகிற இடத்தில் சாக்குப் பிடித்து நிரப்புவது என் வேலை. சம்பளத்தோடு உடைந்த குறுணல் அரிசியும் தந்தார்கள். சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். மில்லில் நிற்கும்போது அவ்வளவாக இராது, வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தால் தொடங்கும். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினது போல இருக்கும். ஆனால் ஆஸ்மா என்கிற தொய்வு உள்ளவர்களுக்கு மூச்சில் வருகிற விசில் சத்தம் எனக்கு வரவேயில்லை.

அதனால் யாரும் தொய்வு என்று நினைக்கவில்லை. சுனாமித் தண்ணீர் நெஞ்சுக்குள் கிடக்கிறது என்றார்கள். காசநோயோ என்று சளி சோதித்தார்கள், இல்லை. நெஞ்சைப் படம் பிடித்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. பிள்ளையை நினைத்து நினைத்து வந்த நோய் என்றார் நாட்டு மருந்து தருகிற ஒரு பரிகாரியார். அதைத்தான் நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருமல் குறைந்துவிடும். உங்கள் மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“என்ன மச்சான், மத்த நாளெல்லாம் மௌத்தாகப் போற ஆள் மாதிரி. வெள்ளிக்கிழம மட்டும் மாப்புள மாதிரி வாறீங்க.”

“அது ஜும்ஆத் தொழுகைட பரக்கத்து,” என்றார் உங்கள் உம்மா. “பெருநாளைக்கும் அப்படித்தானே. இருமவே மாட்டார்.”

எங்கள் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஓதி ஊதிய தண்ணீரைப் போத்தலில் வாங்கி வந்து மற்ற நாட்களிலும் குடித்தேன். சனிக்கிழமை பின்னேரம் இருமல் திரும்பி வந்துவிடும். என் ஈமானில்தான், நம்பிக்கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வேன்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷம், ஆட்கள் போகப் பயந்து தரிசாகக் கிடந்த வயல்களிலும் விதைத்தார்கள். நெல் லொறி லொறியாக வந்தது. மில்லில் எஞ்சின் ஓயவில்லை. என்னால் பாயில் படுக்கவே முடியாமல் போனது, சுவரில் சாய்ந்தபடியே தூங்கினேன். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த லேடி டொக்டரிடம் போனேன்.

“எந்த நாள்ல குறையுது?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழம, டொக்டர்.”

“வெள்ளிக்கிழம என்ன செய்வீங்க?”

“ஜும்ஆக்குப் போவன்.”

“மில்லு?”

“அண்டைக்கு மில்லு பூட்டு.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மூச்சின் பலத்தை முள்ளால் காட்டுகிற, ஊதிப் பார்க்கிற குழாய் ஒன்றைத் தந்தார். காலையும் பின்னேரமும் நான் ஊத, உங்கள் உம்மா முள்ளைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஏறிய முள் சனிக்கிழமை பின்னேரம் விழுந்தது. ஒவ்வொரு வாரமும் அப்படியே. வேலைத்தலத்துத் தூசியால் வருகிற தொய்வு இது என்றார் டொக்டர். சத்தமில்லாமல் வெறும் இருமலாகவே வருவதும் உண்டாம். நாள்தோறும் வாயில் வைத்து மருந்தை இழுக்க ஒரு பம்ப், இறுக்கம் வந்தால் இழுக்க இன்னொன்று தந்தார்.

“பம்ப் இருக்கெண்டு மில்லுக்குள்ள நிக்க ஏலாது. நிண்டா இது மாறாத நோயாப் போகும்.”

வீட்டில் சொன்னேன்.

“அந்த வெள்ளிக்கிழம லீவும் அல்லாஹ் தந்ததுதானே,” என்றார் உங்கள் உம்மா. “மில்ல உடுங்க.”

“உட்டா என்னத்தத் திங்கிற?”

“மூச்சில்லாத ஆளுக்குக் குறுணல ஆக்கி வெச்சி நான் என்ன செய்யிற?”

முதலாளி நல்லவர். என்னை வாசலில் நெல் நிறுக்க விட்டார். தூசி அங்கும் வந்தது. மகன் அப்போது தவழ்கிற பிள்ளை. வேறு வேலை கிடைக்கவில்லை. இரண்டு போகம் இழுத்துப் பிடித்தேன். ஓர் அறுவடை நாளில் சாக்குகளுக்கு மேல் விழுந்தேன். உதடு நீலமாகிவிட்டது என்று முச்சக்கர வண்டியில் ஏற்றினவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு மில்லுக்குப் போகவில்லை. ஆனால் டொக்டர் பயந்தது நடந்துவிட்டது. இப்போது தூசி இல்லாத இடத்திலும் நெஞ்சு இறுகுகிறது.

வாப்பா சும்மா இருந்து தின்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதாக மகள் அழுதுகொண்டு வந்தாள். அதனால்தான் இதை எழுதினேன். ஓர் இடத்துக்குப் போய் வந்த நாளில் இருமல் கூடி, போகாத நாளில் குறைந்தால், அந்த இடத்தைப் பற்றி டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

இப்போது உம்மாவின் இடியப்பத்தில்தான் வீடு ஓடுகிறது. புகை எனக்கு ஆகாது என்று, வீட்டு வளவின் கடைசி மூலையில் கூரையில்லாமல் அடுப்பு வைத்திருக்கிறார். மழை நாட்களில் அது எரியாது. அன்றைக்கு விற்க ஒன்றும் இராது, நாம் நால்வரும் வெறும் தேத்தண்ணியோடு இருப்போம்.