நோரிஸ் ட்வேயிட்டும் இரும்பு வளையமும்

நோரிஸ் ட்வேயிட் வடக்கு டகோட்டாவில் மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுபவர். அந்த நாட்டில் இந்த வேலைக்குத் தனி மரியாதை உண்டு. அவர் ஒருநாள் படுத்தால் ஊரே படுத்துவிடும். ஆனால் ஸ்டாவ்னெஸ் ஊரார் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் வேறு விஷயத்துக்காக. அவருக்கு பிளாஸ்டிக் ஆகாது. வாளி, நாற்காலி, உணவு டப்பா எல்லாம் அவர் வீட்டிலும் பிளாஸ்டிக்தான். அதில் அவருக்கு மறுப்பில்லை. துப்பாக்கியில் பிளாஸ்டிக் இருந்தால்தான் ரத்தம் கொதிக்கும்.

அவருடைய மான் வேட்டைத் துப்பாக்கி அப்பா வாங்கியது. தோளில் அணைக்கும் கட்டை வால்நட் மரம். மற்றதெல்லாம், அவர் சொல்படி, திருகாணி முதல் குழல் வரை இரும்பு.

அவர் மனைவி லவோனின் தம்பி டுவேன் ஹெக்லண்ட் பயிர்க் காப்பீடு விற்பவன். அவன் ஒரு வசந்த காலத்தில் புதுத் துப்பாக்கியோடு தானியக் கிடங்கையொட்டிய காபிக் கடைக்கு வந்தான். கட்டை, தோட்டாப் பெட்டி, விசையைச் சுற்றிய வளையம் எல்லாமே கறுப்பு பிளாஸ்டிக். நோரிஸ் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுல தண்ணி பிடிச்சு வைக்கலாமா மச்சான்?"

"பிளாஸ்டிக் இல்ல அத்தான். இதுக்குப் பேரு பாலிமர்."

"எங்க வீட்டுப் பூனைக்குக்கூட புலின்னுதான் பேரு."

"சிரிங்க, சிரிங்க. இது துரு பிடிக்காது. உங்களுதுக்கு ரெண்டு தூறல் விழுந்தா ஜுரம் வந்துடுது."

"உன்னுது குளிர்ல பிஸ்கோத்து மாதிரி நொறுங்கும். அப்ப நான் சிரிச்சுக்கறேன்."

குளிர்காலம் வரும்வரை பொறுக்க இருவராலும் முடியவில்லை. ஜூலையிலேயே சோதனை ஆரம்பமானது. லவோனின் பெரிய உறைபெட்டியில் இருந்த போன வருஷத்து மான் இறைச்சியை எடுத்து கார் கொட்டகையில் வைத்துவிட்டு, இரண்டு துப்பாக்கிகளையும் உள்ளே படுக்க வைத்தார்கள். மறுநாள் எடுத்துச் சுட்டார்கள். இரண்டும் சுட்டன. அந்தச் சந்தோஷத்தில் இறைச்சியை மறந்துபோனார்கள். கொட்டகைப் பக்கம் போகவே முடியாதபடி நாற்றம் வந்த பிறகுதான் லவோனுக்கு விஷயம் தெரிந்தது.

"துப்பாக்கி ரெண்டும் சௌக்கியமா இருக்கு. பாவம் அந்த மான்தான் ரெண்டாவது தடவையா செத்துப்போச்சு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் சமையலில் இறைச்சி கிடையாது.

அடுத்து ஏரிக்கரையில் குறி பார்த்துச் சுடப் போனார்கள். அங்கே கொசு ஆளையே தூக்கிப் போகும். டுவேன் கை நிறையக் கொசு மருந்தைப் பூசிக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்தான். சற்று நேரத்தில் மருந்து பட்டு பிளாஸ்டிக் இளகி, கட்டை பிசுபிசுத்தது. அவன் விரல் ரேகைகள் அதில் அப்படியே பதிந்துவிட்டன. நோரிஸ் அன்று சாயங்காலமே கடை கடையாய் ஏறி இறங்கினார்.

"இனிமே போலீசுக்கு வேலையே இல்ல. ரேகையெல்லாம் துப்பாக்கியிலயே அச்சாயிடுது!"

டுவேனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டையும் தரையில போடுவோம். என் வண்டி மேல ஏறட்டும். எது பிழைக்குதுன்னு பாக்கலாம்" என்றான். காபிக் கடையில் ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது சொன்னதால் நோரிஸால் பின்வாங்க முடியவில்லை. அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து துப்பாக்கியைத் துடைத்து வைத்தார். அது அப்பாவின் துப்பாக்கி என்பது மட்டும் காரணமல்ல. உடையுமோ என்று தனக்கே ஒரு பயம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

செப்டம்பரில், ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயத்துக்குப் பின்னால் சரளைக்கல் தரையில் சோதனை நடந்தது. போதகர் கியெர்ஸ்டி மோ நடுவர். தேவாலயப் பெண்கள் காபியும் இனிப்பும் வைத்தார்கள். டுவேனின் சரக்கு வண்டி இரண்டு துப்பாக்கிகள் மேலும் ஏறி இறங்கியது. சரளை நெரிந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

நோரிஸ் ஓடிப்போய்க் குனிந்தார். குழல் நேராக இருந்தது. மரத்தில் கீறல்கள் மட்டும். ஆனால் விசையைச் சுற்றிய வளையம் இரண்டாக முறிந்து கிடந்தது. சட்டென்று அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "ஒண்ணும் ஆகல."

பக்கத்தில் டுவேனும் தன் தோட்டாப் பெட்டியைக் கையால் மூடிக்கொண்டு, "இதுக்கும் ஒண்ணும் ஆகல" என்றான். அவன் முகம் ஏன் வெளுத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"சமம்! இரண்டு பக்கத்துக்கும் சேதமில்லை, ஆண்டவருக்கு நன்றி" என்றார் போதகர். "வாங்க, காபி ஆறுது."

வீட்டுக்கு வந்ததும் நோரிஸ் சமையலறையில் உட்கார்ந்து முறிந்த துண்டைப் புரட்டிப் பார்த்தார். முறிவு வெள்ளையாக, மணல்மணலாக இருந்தது. இரும்பு இப்படி முறியாதே என்று தோன்றியது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துத் துப்பாக்கிக் குழலில் வைத்தார், ஒட்டியது. வளையத்தில் வைத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. வேறொரு காந்தத்தை எடுத்து வந்தார்.

லவோன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலுமினியம் நோரிஸ். என் கேக் தட்டுல கூடத்தான் காந்தம் ஒட்டாது."

"அலுமினியமும் உலோகம்தான்" என்றார் அவர், யாரோ மறுத்ததைப் போல.

"நான் எதுவும் சொல்லலையே."

உதிரிப்பாகம் விற்கும் கடைக்குத் தொலைபேசி போட்டார். அந்த மாதிரி உலோக வளையம் வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது பாலிமர்தான், பழையதைவிட உழைக்கும் என்றது மறுமுனை. நோரிஸ் யாராவது கேட்கிறார்களா என்று ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பொட்டலத்தை மனைவி பெயருக்கு அனுப்பச் சொன்னார். வந்ததைத் துப்பாக்கியில் மாட்டி, பழைய வளையத்தின் பளபளப்பு வரட்டும் என்று அடுப்புக்குப் பூசும் கறுப்புச் சாயத்தைப் பூசினார்.

நவம்பரில் வேட்டைக் காலம் திறந்தது. இருவரும் வழக்கம்போல டுவேனின் சோளக்காட்டு ஓரம் மறைவில் உட்கார்ந்தார்கள். மூச்சு விட்டால் மீசையில் உறையும் குளிர். வெளிச்சம் வந்தபோது டுவேன் நோரிஸின் கையைப் பார்த்தான். வெளிர் மஞ்சள் கையுறையில் கறுப்பு உரிந்து ஒட்டியிருந்தது. சாயம் பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை. டுவேன் குனிந்து வளையத்தைத் தட்டினான். டொக் என்றது.

"அத்தான்! இது..."

"கத்தாதே."

"பாலிமர்! நீங்க பாலிமர் மாட்டியிருக்கீங்க!"

பதிலுக்கு நோரிஸ் அவன் துப்பாக்கியைப் பிடுங்கித் தோட்டாப் பெட்டியைக் கழற்றினார். கையில் கனத்தது. சில்லென்றிருந்தது.

"இரும்பு! ஏன்டா, உன் பாலிமர் பெட்டி எங்க?"

"அதோட வாய் ஓரத்துல விரிசல். அன்னிக்கே."

"அன்னிக்கே தெரிஞ்சும் அவ்வளவு பேர் முன்னால நின்னியா?"

"நீங்க மட்டும்?"

இருவரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொண்டார்கள். காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த பெரிய ஆண் மான் ஒன்று சற்று நின்று கேட்டுவிட்டு, அவசரமில்லாமல் சாலைப் பக்கம் நடந்தது. அதைச் சுட அப்போது இருவர் கையிலும் துப்பாக்கி தயாராக இல்லை.

கொஞ்ச நேரத்தில் நோரிஸின் கைப்பேசி அடித்தது. லவோன்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. மான்தான் கார் குறுக்க வந்துடுச்சு. ரெண்டு பேரும் வந்து தூக்குங்க, நான் தேவாலயத்துக்குப் போகணும்."

போய்ப் பார்த்தபோது மான் சாலையோரம் கிடந்தது. லவோன் காரின் முன்பக்கம் தரையில் உட்கார்ந்து, உள்ளே ஒடுங்கிய பம்பரை அடிவழியே காலை விட்டு உட்புறமிருந்து உதைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது உதையில் டப்பென்று பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. டுவேன் குனிந்து அந்த பிளாஸ்டிக் பம்பரைத் தடவினான். நோரிஸைப் பார்த்தான்.

"வாயைத் திறந்தே, நடந்துதான் வீட்டுக்குப் போவே" என்றார் நோரிஸ்.

வனத்துறைக்காரர் வந்து மானை எடுத்துக்கொள்ள அனுமதி எழுதிக்கொடுத்தார். பாதி இறைச்சி டுவேன் வீட்டுக்குப் போனது. அந்த வருஷம் அந்த இரண்டு குடும்பத்துக்கும் கிடைத்த மான் அது ஒன்றுதான்.

காபிக் கடையில் கேட்டபோது, இருவரும் மானின் கொம்பு அளவை மட்டும் சொன்னார்கள். யார் சுட்டது என்று வற்புறுத்தினால் டுவேன் காப்பீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். நோரிஸுக்குச் சாலையில் வேலை வந்துவிடும். உண்மையைத் தேவாலயச் சமையலறையில் லவோனே சொல்லிவிட்டாள். உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அடுத்த வருஷம் நீயும் வேட்டை உரிமம் எடுத்துக்கயேன்" என்றாள் ஒருத்தி.

"எடுக்கலாம்தான். ஆனா அந்தக் குளிர்ல அந்த ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கிட்டு யார் உக்கார்றது?" என்றாள் லவோன், அடுத்த உருண்டையை எடுத்தபடி.