மாமா போட்டுக் கொடுத்த கிராதி

பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பட்டுப்புடவை வரும், பித்தளை அண்டா வரும், பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் வரும். என் அம்மாவுக்கு மாடிப்படிக்கு இரும்புக் கிராதி வந்தது. அரியலூரில் வேறு எந்த வீட்டிலும் இப்படியொரு சீரை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டு மாடிப்படி மரத்தால் ஆனது. பக்கவாட்டில் கடைசல் பிடித்த கட்டைகள் வரிசையாக நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் அப்பாவின் குரல் உயர்ந்தது. அப்புறம் மடமடவென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா கூடத்தில் கிடந்தாள், அவளைச் சுற்றி ஒடிந்த கட்டைகள். அப்பா மேலே நின்றுகொண்டிருந்தார். வலது கையில் மாவுக்கட்டோடு அம்மா வீடு திரும்புவதற்குள் தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது. அப்பா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார்: "கட்டையெல்லாம் கரையான் அரிச்சுக் கெடந்திருக்கு. இவ போயி சாஞ்சுட்டா."

நானும் பள்ளிக்கூடத்தில் அதையே பெருமையாகச் சொன்னேன். கரையானைக் கொண்டுவந்து காட்டு என்று தோழிகள் கேட்டார்கள். ஒடிந்த கட்டைகளை ஈர்க்குச்சியால் கிளறு கிளறென்று கிளறினேன், ஒன்றுகூட அகப்படவில்லை. பிளந்த இடம் அப்போதுதான் அறுத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. தின்று முடித்து வேறு வீட்டுக்குப் போய்விட்டன என்று முடிவு செய்தேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது.

அம்மா திருமானூரில் இருந்த தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். இடது கையாலேயே இரண்டு பைகளில் துணிகளை அடுக்கினாள். என் யூனிபார்மும் பாடப்புத்தகங்களும்கூட உள்ளே போயின. லீவு விடவில்லையே என்று கேட்டேன். "மாமா வந்து அழைச்சிட்டுப் போவாங்க. அங்கயே படிக்கலாம்" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமா வீட்டில் கரும்புக்குக் குறைவில்லை, கொள்ளிடத்து மணலில் நாளெல்லாம் புரளலாம்.

மாமா மறுநாள் காலை பஸ்ஸில் வந்தார். ஆப்பிளும் அல்வாவும் வாங்கி வந்திருந்தார். பைகள் இரண்டும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் உள்ளே நுழைந்தார். மிச்சமிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. அப்பாவோடு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். நான் அல்வா தின்றபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"மரத்துல ஒண்ணுமில்லண்ணே" என்றாள் அம்மா.

"தெரியும்மா" என்றார் மாமா. "பொட்டப்புள்ளய வச்சிருக்க. நீ வந்து ஒக்காந்துட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. மாப்ளகிட்ட சொல்லிட்டேன். என் செலவுலயே இரும்புல போட்டுத் தரேன். இரும்புன்னா தாங்கும்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா மீது எனக்குள்ள கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இன்றைக்கும் வயிறு எரிவது மாமாவை நினைத்துத்தான். தள்ளியவருக்குத் தான் செய்தது தப்பென்று தெரியுமோ தெரியாதோ. இவரோ தெரியும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு இரும்புக் கடைக்குப் போனார்.

அந்த வாரமே வெல்டிங் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மரக்கட்டைகளைப் பிடுங்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முறுக்குக் கம்பிகளை நிறுத்திப் பற்றவைத்தார்கள். மாமா கம்பிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பழத்தோடு அப்பாவுக்கு ஒரு வேட்டியும் கொடுத்தார். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "அண்ணன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார். அப்பா வருகிறவர்களிடமெல்லாம், "மச்சான் போட்டுக் குடுத்தது" என்று கம்பியைத் தட்டிக் காட்டினார். பிடுங்கிய கட்டைகளை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தாள். பையிலிருந்த என் புத்தகங்களை நானே எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

கிளம்பும்போது மாமா என் கன்னத்தைக் கிள்ளி, "இனிமே ஒங்கம்மா வுழ மாட்டா" என்றார். நான் நம்பினேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு படியிலிருந்து ஒருநாளும் விழவில்லை.

பொங்கலுக்கு மாமா சீர் கொண்டுவந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எனக்குக் கரும்பு ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்க இதுதான் நல்ல நேரம் என்று தோன்றியது.

"மாமா, அடுப்படியிலயும் கம்பி போட்டுக் குடுங்க. அம்மா இப்ப அங்கதான் வுழுவுறாங்க."

அப்பா எழுந்து வெளியே போனார். மாமா கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் கிராதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிக்கு நிறைய இரும்பு வேண்டியிருக்கும், அவருக்குக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.