கீழ கோபுரமும் கோபுரத்துக்குக் கீழேயும்

இன்று சிதம்பரம் கோயிலில் என் மாமா மகனுக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. அவன் சென்னையிலேயே வளர்ந்தவன்.

பெண்ணின் பெற்றோர் புவனகிரியிலிருந்து வந்து, கீழ கோபுர வாசலில் என்னோடு காத்திருந்தார்கள். பெங்களூரிலேயே படித்து, அங்கேயே வேலை பார்க்கும் பெண், பஸ்ஸிலிருந்து நேரே வருவதாகப் பேச்சு.

பதினொன்றரை ஆகியும் இருவரையும் காணோம். பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள்.

போன் போட்டேன். “எங்கடா இருக்க?”

“நீ சொன்ன எடம்தான் மச்சான். கோபுரத்துக்குக் கீழதான் நிக்கிறேன்.”

“சுவத்துல என்ன இருக்கு?”

“வரிசையா நாட்டியம் ஆடுற சிலைங்க.”

நாலு கோபுரத்திலும் அதேதான். கீழ என்றால் கிழக்கு என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒவ்வொரு வாசலாகத் தேடி, மேற்கே மேல கோபுரத்துக்கு ஓடினேன். வாசலில் ஒரு பக்கச் சுவரோரம் அவன். எதிர்ச் சுவரோரம் ஒரு பெண், காதில் போன்: “கோபுரத்துக்குக் கீழதாம்பா நிக்கிறேன்!”

முக்கால் மணி நேரமாக இருவரும் யாரென்று தெரியாமலே எதிரெதிரே நின்று சிலையைப் பார்த்திருக்கிறார்கள்.

பத்துக்கு ஏழு பொருத்தம்தான் என்று அவன் அம்மா, என் அத்தை, இழுத்துக்கொண்டிருந்தார். எட்டாவதை நான் கண்ணால் பார்த்தேன். கணக்கில் சேர்க்கலாமா? சொல்லுங்கள்.